மூடிய பவளங்களின் ஒன்பதாம் நாள்

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்ததும் சிப்பித் தெருக்காரர்கள் முதலில் பார்ப்பது எதிர்வீட்டு எண்ணைத்தான். வித்து வீடு என்று பவள வாரியம் முத்திரை குத்திய ஒவ்வொரு வீட்டிலும் வாசல் நிலைக்கு மேலே உள்ளங்கை அகலப் பலகை ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் தொட்டியை ஒரு கேமரா இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க, பவளங்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதை அந்தப் பலகை ஓர் எண்ணாகக் காட்டும். அதற்கு மலர்வெண் என்று பெயர். எண்பது, தொண்ணூறு என்றால் பச்சை. அறுபதுக்குக் கீழே மஞ்சள். இருபதுக்குக் கீழே சிவப்பு.

டெல்வின் வீட்டு வாசலில் ஒன்பதாவது நாளாகச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பதினொன்று.

பிலோமி தன் மூன்று சக்கர பேட்டரி வண்டியை அந்த வீட்டின் முன் நிறுத்தியபோது தெருவில் பேச்சு நின்றுபோனது. பவள வாரியத்தில் அவளுக்குப் பதினாலு வருட சர்வீஸ். தொட்டிப் பராமரிப்பாளர் என்பது அடையாள அட்டையில் இருக்கும் பதவி; ஊருக்கு அவள் தொட்டி டாக்டர். கேன்களையும் ரப்பர் குழாயையும் பரிசோதனைப் பெட்டியையும் அவள் இறக்கும்போது ஒருவர்கூட உதவிக்கு வரவில்லை. எல்லாரும் டெல்வினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் அரிவாள் குறுக்காகக் கிடந்தது.

"ஏன் தம்பி இது?" என்றாள் பிலோமி.

"சும்மாதான்க்கா. நீங்க உள்ள வாங்க."

அறை குளுகுளுவென்று இருந்தது. சாதாரண வீடுகளுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் மின்சாரம். மன்னார் வளைகுடாவில் கடைசிப் பவளத்திட்டும் வெந்து வெளுத்துப் போனபோது, மிச்சமிருந்த உயிருள்ள துண்டுகளைப் பொறுக்கி, ஒரே இடத்தில் வைத்தால் ஒரே விபத்தில் எல்லாம் போய்விடும் என்று, கடற்கரை ஊர்களின் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தூத்துக்குடிக்கு நானூற்றிப் பத்துத் தொட்டிகள். தொட்டிக்கு விளக்கு வேண்டும், பம்பு வேண்டும், குளிர்விப்பான் வேண்டும். ஆகவே வித்து வீட்டுக்கு மட்டும் இருபத்துநாலு மணி நேர மின்தடம். சித்திரையில் ஐம்பது டிகிரி கொதிக்கும் ஊரில் அந்தத் தடம் உயிர்நாடி. இருபதுக்குக் கீழே பத்து நாள் தொடர்ந்து கிடந்தால் அந்த வீட்டுக்குக் கைராசி இல்லை என்று முடிவாகும். பத்தாம் நாள் காலை எட்டு மணிக்குத் தொட்டியும் தடமும் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

டெல்வின் வீட்டில் தொட்டி இருந்த அறைக்கு அடுத்த அறையில் அவன் மனைவி ஜெசிந்தா படுத்திருந்தாள். துறைமுகக் கிடங்கில் வாயு கசிந்த அன்று அவளுடைய நுரையீரல் பாதி கரிந்துவிட்டது. முகத்தில் மூடி, மூடியிலிருந்து குழாய், குழாயின் முனையில் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருக்கும் மூச்சுப்பொறி. மின்சாரம் நின்றால் பேட்டரியில் ரெண்டு மணி நேரம் ஓடும். அதற்கு மேல் ஓடாது.

பிலோமி தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்தாள்.

நாலடி நீளத் தொட்டி. நடுவில் குடை பிடித்தாற்போல் நிற்க வேண்டிய தோல் பவளம் சுருங்கி, மேலே மெழுகு பூசியதுபோல் மினுங்கியது. விரல் பவளம் தொய்ந்து கல்லில் சாய்ந்து கிடந்தது. பச்சைப் புல்லாக அலைபாய வேண்டிய நட்சத்திரப் பவளம் ஊதா நிறத் தோலாகத் தெரிந்தது. ஒரு இழைகூட வெளியே இல்லை. பொத்தான் பவளங்கள் வாயை இறுக்கி மூடியிருந்தன.

"தோல் பவளம் தோலுரிக்கும்போது இப்படித்தான் ஒரு வாரம் மூடிக்கிடும், தம்பி. அது பயப்படுற விஷயம் இல்ல."

"ஒண்ணு மூடுனா சரிக்கா. எல்லாமே மூடியிருக்கே."

அவன் சொன்னது சரி. அவள் வரிசையாகப் பார்த்தாள். வெப்பம் இருபத்தாறு. உப்பு சரியாக முப்பத்தைந்து. காரத்தன்மையில் ஏற்ற இறக்கம் இல்லை. பம்பின் வீச்சு எதன்மேலும் நேராக அடிக்கவில்லை. விளக்கை டெல்வினே பாதியாகக் குறைத்து வைத்திருந்தான். தண்ணீரில் மின்கசிவு இருக்கிறதா என்று மீட்டரை விட்டுப் பார்த்தாள், இல்லை. மென்பவளங்கள் ஒன்றையொன்று விரட்ட நஞ்சு கக்கும். அதை உறிஞ்சுவதற்கான கரிப்பை புதிதாகவே இருந்தது. ரெண்டு மீன்களும் பசியோடு கண்ணாடியை மோதிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் மணலைப் பார்த்தாள். நத்தைகள். பத்துப் பன்னிரண்டு நத்தைகள் கவிழ்ந்து, ஓடு வெறுமையாகக் கிடந்தன.

மீன் நன்றாக இருக்கிறது, நத்தை செத்திருக்கிறது, பவளம் மூடியிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் என்னவென்று பிலோமிக்குத் தெரியும். செம்பு. மீன் தாங்கும் அளவு செம்பு நத்தையைக் கொல்லும், பவளத்தைச் சுருட்டும். அந்தச் சொல்லை வித்து வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று வாரியத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு. செம்புப் பரிசோதனையை ஆய்வுக்கூடத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஏனென்றால் செம்பு தானாக வராது, யாரோ போட்டிருக்க வேண்டும் என்றுதான் ஊர் நினைக்கும். போன வருடம் பனிமயத் தெருவில் அப்படி நினைத்து ஓர் ஆளை மின்கம்பத்தில் கட்டி அடித்தே கொன்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பம்பின் களிம்பு பிடித்த பித்தளை ஆணியைக் கழற்றியவள் பிலோமிதான்.

"தண்ணிய எடுத்துட்டுப் போறேன் தம்பி. மத்தியானம் முடிவு சொல்லுதேன்."

டெல்வின் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "நத்த செத்தா என்னன்னு எனக்குத் தெரியும்க்கா. இங்கனயே பாருங்க."

"அதுக்கு அனுமதி கிடையாது."

"நாளைக்குக் காலைல வந்து வயர அத்துட்டுப் போவாங்க. எம் பொண்டாட்டி ரெண்டு மணி நேரத்துல போயிருவா. எனக்கென்ன அனுமதி?" அரிவாளின் முனையை அவள் பெட்டிமேல் வைத்தான். "பாருங்கக்கா."

சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நிறம் மாறாதே, மாறாதே என்று மனசுக்குள் மன்றாடினாள். ஏழாவது சொட்டில் தண்ணீர் இளஞ்சிவப்பானது.

டெல்வின் அதைப் பார்த்தான். ஒரு நொடி அழப் போகிறவன் போல இருந்தான்.

"வியாகப்பன்" என்றான்.

"தம்பி, அவசரப்படாத—"

"பட்டியல்ல அடுத்தது அவன் வீடு. போன வருசம் வெயில்ல முதப் பிள்ளையப் பறிகுடுத்தவன். இப்பக் கைல இன்னொரு பிள்ள. மீன் குடுக்க வாரேன்னு வந்து, இந்தா, இதே இடத்துல நின்னு அரை மணி நேரம் தொட்டியவே பாத்துட்டுப் போனாம்லா! கேட்டதுக்கு, குளுந்து கிடக்குடா, சும்மா நிக்கேன்னான்."

"குளிருக்கு நின்னுருப்பாரு தம்பி!"

அவன் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டான். "செம்பு!" என்று அவன் கத்தியது கேட்டது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தெருவில் வித்து வீடுகள் இன்னும் ஆறு. அந்த ஆறு வீட்டுக் கதவுகளும் திறந்தன. வந்தவர்கள் கையில் கம்பி இருந்தது, துடுப்புக்கட்டை இருந்தது. இன்றைக்கு இவன் தொட்டி, நாளைக்கு நம் தொட்டி என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிலோமி தொட்டியைச் சுற்றி வெறிபிடித்தவள் போலத் தேடினாள். பித்தளை ஆணி இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும். பம்பைக் கழற்றினாள், எல்லாம் பிளாஸ்டிக். குளிர்விப்பானின் சுருள் டைட்டானியம். தண்ணீர் வரும் குழாய் பிளாஸ்டிக்.

"ஜெசிந்தா!" என்று உள்ளறையைப் பார்த்துக் கேட்டாள். "இந்த நத்தையெல்லாம் எப்ப விழுந்துச்சு?"

ஜெசிந்தா மூடியை விலக்கினாள். மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக வந்தது. "நீங்க... தண்ணி மாத்திட்டுப் போன... மறுநாளே."

"வியாகப்பன் வந்தது?"

"அதுக்கு... ரெண்டு நாள்... கழிச்சி."

பிலோமி மெல்லத் திரும்பித் தன்னுடைய கேன்களைப் பார்த்தாள்.

இரண்டு வெள்ளைக் கேன்கள். ஒன்று புதுக் கடல்நீர் கொண்டுவர. மற்றது மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் மருந்து கலக்க. அந்த மருந்தே செம்புதான். மருந்துக் கேனின் கழுத்தில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும். இப்போது இரண்டு கழுத்திலும் நாடா இல்லை. ஒன்றில் பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது. பத்து நாளைக்கு முன்னால், அனல் அலையில் இருபத்துமூன்று வீட்டு வேலை ஒரே நாளில் தலையில் விழுந்த அன்று, முந்தின தெருவில் மீனுக்கு மருந்து கொடுத்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தாள். இதே கேனில் கடல்நீரை நிரப்பி, இந்தத் தொட்டியில் ஊற்றினாள்.

கேனின் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைக் குப்பியில் விட்டுச் சோதனை மருந்தைச் சொட்டினாள். இரண்டாவது சொட்டிலேயே ரத்தச் சிவப்பு.

வெளியே ஒரு பெண் அலறினாள். அது வியாகப்பனின் மனைவி கிளாரிந்தா.

பிலோமி அப்போது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இந்தக் கூட்டத்தின் முன்னால் போய் நான்தான் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பனிமயத் தெருவில் கட்டியிருந்த ஆளின் கயிற்றை அறுத்து இறக்கியபோது அவன் தலை எப்படித் தொங்கியது என்பது கண்ணுக்குள் வந்து நின்றது. குப்பியைக் கீழே வைத்தாள். கேனைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கேனுக்குள் விழுந்து நிரம்புவதைப் பார்த்தபடி நின்றாள். இதைக் கழுவிவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே துடுப்புக்கட்டை எதன்மேலோ மோதும் சத்தம் கேட்டது. மீண்டும் கேட்டது. கேன் நிரம்பி வழிந்தது. அவள் கவிழ்த்தாள். மறுபடி நிரப்பினாள்.

பின்னால் ஏதோ கீழே விழுந்தது. திரும்பினாள். ஜெசிந்தா கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றாள். முகமூடி இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கண் கேனைப் பார்த்தது, குப்பியைப் பார்த்தது, பிலோமியைப் பார்த்தது.

"போங்கக்கா" என்றாள். "போய்... சொல்லுங்க."

பிலோமி அவளைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, மூடியைப் போட்டுவிட்டு, சிவந்த குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தெருவின் நடுவில் கூட்டம் வளையம் கட்டியிருந்தது. வியாகப்பனை வீட்டுக்குள்ளிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்ட கிளாரிந்தாவை இரண்டு பெண்கள் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். வியாகப்பன் மண்டி போட்டிருந்தான். ஒரு காது கிழிந்து தொங்கியது. "தொடல, டெல்வின். அந்தோணியார் சத்தியமாத் தொடல. குளிருக்கு நின்னேம்டா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். டெல்வின் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அவன் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் பிலோமிக்குக் கேட்டது. பக்கத்திலிருந்தவன் கம்பியை இடுப்பில் வீசினான்.

"நிறுத்துங்க! நான்தான்! செம்பு எங்கிட்ட இருந்து வந்தது!"

யாரும் திரும்பவில்லை. அவள் ஆட்களைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்து குப்பியைத் தூக்கிக் காட்டினாள். "எங் கேனு! மருந்துக் கேனு! நான்தான் ஊத்துனேன்!"

"வாரியத்து ஆளு தப்புப் பண்ணுமா?" என்றான் ஒருவன். "இவனக் காப்பாத்தப் பொய் சொல்லுதா." யாரோ அவள் கையைத் தட்டிவிட, குப்பி பறந்து விழுந்து உடைந்தது. துடுப்புக்கட்டை வியாகப்பனின் தலைமேல் உயர்ந்தது. பிலோமி அவன்மேல் கவிழ்ந்தாள். கட்டை இறங்கியது அவள் இடது மணிக்கட்டில். உலகம் வெள்ளையாக ஒரு முறை மின்னி அணைந்தது. அடுத்த அடி அவள் முதுகில் விழுந்தது. அதற்கடுத்தது அவளைத் தாண்டி வியாகப்பனின் நெற்றியில்.

"டெல்வின்!" என்று அவள் அலறினாள். "நத்த என்னைக்குச் செத்துச்சுன்னு உம் பொண்டாட்டிகிட்டக் கேளு! இவன் உங்க வீட்டுக்கு வாரதுக்கு ரெண்டு நாள் முந்தியே செத்தாச்சு! போய்க் கேளுடா!"

ஓங்கிய அரிவாள் அந்தரத்தில் நின்றது. டெல்வின் அவளைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். நாள்களை எண்ணுகிறான் என்பது அவன் உதடுகளில் தெரிந்தது. எண்ணி முடித்ததும் அவன் முகம் உருக்குலைந்தது. அரிவாளைப் போட்டுவிட்டு, "அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று தன் பக்கத்து ஆட்களையே தள்ள ஆரம்பித்தான். கூட்டம் கலைய அதிக நேரம் ஆகவில்லை. வாசலில் நின்றிருந்தவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் போகும்போதே தங்கள் வீட்டு எண்ணை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

வியாகப்பனைப் பிலோமியின் வண்டியில்தான் ஏற்றினார்கள். டெல்வின் ஓட்டினான். கிளாரிந்தா குழந்தையோடு பின்னால் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வியாகப்பன் ஒருமுறை கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றான். பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னால் செத்துப்போனான். போலீஸ் வரும்வரை டெல்வின் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கூட்டிப்போகும்போது பிலோமியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "ஜெசிந்தா."

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அவள் சிப்பித் தெருவுக்குத் திரும்பினாள். வாரியத்துக்குச் செய்தி அனுப்பினாள்: தவறு தன்னுடையது, தன்னை வேலையிலிருந்து நிறுத்தலாம், ஆனால் நாளைக் காலைவரை இந்தத் தொட்டியைத் தன்னிடம் விட வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாரியக் கிடங்கிலிருந்து புதுக் கேன்களில் கடல்நீரும் ஒரு மாற்றுத் தொட்டியும் வரவழைத்தாள். ஒற்றைக் கையால் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி அந்தச் சுத்தமான தொட்டிக்கு மாற்றினாள். செம்பை உறிஞ்சும் பஞ்சை நீரோட்டத்தில் வைத்தாள். தோல் பவளத்தின் மெழுகுத் தோலை நீரோட்டம் மெதுவாக வருடும்படி பம்பைத் திருப்பினாள். பொத்தான் பவளங்களைத் தொடுமுன் கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டாள். அவற்றின் நஞ்சு ஆளையே கொல்லும். மாலை வெயில் சாயும்போது வேலை முடிந்தது. ஜெசிந்தா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கும் மூச்சுக்கும் நடுவே பொறி திணறித் திணறி ஓடியது.

பத்தாம் நாள் காலை நட்சத்திரப் பவளத்தின் ஓரத்தில் பச்சை இழைகள் ஒரு விரற்கடை அளவுக்கு எட்டிப் பார்த்தன. எண் பதினேழு என்றது, பிறகு பத்தொன்பது. வயரைத் துண்டிக்க வந்தவர்கள் வாசலில் நின்று பீடி பிடித்தார்கள். எட்டு மணிக்கு இருபத்திரண்டு காட்டியது. அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பகலில் பிலோமி கிளாரிந்தாவின் வீட்டுக்குப் போனாள். மின்சாரம் இல்லாத நேரம். தொட்டிலின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, கிளாரிந்தா பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"நீ அவர் மேல விழுந்து மறிச்சத நான் பாத்தேன்" என்றாள். "கையி முறிஞ்சதையும் பாத்தேன். தெருவுல எல்லாரும் உன்னப் பெருசாப் பேசுதாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. உன் கேனுதான்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

அவர்கள் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் ஓடி வந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஜெசிந்தா காட்டிக்கொடுக்க மாட்டாள்.

"நீ முதல்ல கத்துனியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. உடனே வரல. கேனக் கழுவிட்டு நின்னேன்."

விசிறி நின்றது.

"எத்தன நிமிசம்?"

"நாலு நிமிசம் இருக்கும்."

"அப்ப அவரு பேசிக்கிட்டுத்தான இருந்தாரு?"

"ஆமா. பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு."

கிளாரிந்தா எழுந்து வந்து பிலோமியை ஓங்கி அறைந்தாள். பிறகு மறு கன்னத்திலும் அறைந்தாள். மூன்றாவது தடவை கை ஓங்கினாள்; அது இறங்கவில்லை. குழந்தை சிணுங்கியது. அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து விசிறியை எடுத்தாள்.

"கேஸு நடக்கும்லா, அங்க வந்து இத நீ சொல்லணும்."

"சொல்லுதேன்."

"நாலுன்னே சொல்லணும். வக்கீலு பேச்சக் கேட்டுக்கிட்டு மூணுன்னு சொல்லிறக் கூடாது."

"இல்ல. நாலுன்னே சொல்லுதேன்."